"கீழ்ப்பாக்கம்" போய் வந்தவருக்கு வேலை கொடுப்பீர்களா?

மாத்திரை நோயை அடக்கும். பொழுதை யார் நடத்துவது?

(நமது நிருபர்)

சென்னையில் ஒருவரை வாயடைக்க வைக்க வேண்டுமா? பெரிய வசையெல்லாம் தேவை இல்லை. ஓர் ஊர்ப் பெயர் போதும். பஸ்சில் காலை மிதித்தவரும் மிதி வாங்கியவரும் மோதிக்கொள்ளும்போது, "என்னய்யா, நேரா கீழ்ப்பாக்கத்துல இருந்து வர்றியா?" என்று ஒரு கேள்வி விழும். பஸ்சே சிரிக்கும்.

அதே பஸ்சில், நிஜமாகவே கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கலாம். அவர் சிரிக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போவார்.

எங்கே போவார்? வீட்டுக்குத்தான்.

வீட்டில் போய் என்ன செய்வார்? இதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை!

"சோம்பேறி" அல்ல!

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது புளியந்தோப்பிலும் இருக்கும், மாம்பலத்திலும் இருக்கும். 28 வயசுப் பையன். அச்சாபீசில் வேலை பார்த்தவன். திடீரென்று ஒருநாள் காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. தூக்கம் போய் விட்டது.

முதலில் தாயத்து. பிறகு கோயில், தர்கா. கடைசியில் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்து "மனச்சிதைவு நோய்" என்கிறார். மாத்திரை கொடுக்கிறார். சில வாரங்களில் காதில் கேட்ட குரல் அடங்கி விடுகிறது. வீட்டாருக்கு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிப்பதில்லை. பையன் குளிப்பதில்லை. பாயை விட்டு எழுவதில்லை. கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். வேலைக்குப் போகிறாயா என்றால் மோட்டுவளையைப் பார்க்கிறான்.

"மூணு வேளை திங்கிறான், தூங்குறான். உடம்புல என்ன நோவு? சோம்பேறி!" என்று அப்பா கத்துகிறார்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்று அத்தை யோசனை சொல்கிறார். விஷயத்தை மறைத்துக் கல்யாணமும் நடக்கும். வந்த பெண் பாவம்!

விஷயம் என்னவென்றால், இந்த நோய்க்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, கூச்சல் முகம். குரல் கேட்பது, சந்தேகம், கோபம். இதைப் பார்த்தால் தெருவே கூடும். இன்னொன்று, மவுன முகம். ஆசை இல்லை, முயற்சி இல்லை, பேச்சு இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. இதைப் பார்த்தால் யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். திமிர் என்பார்கள்.

மாத்திரை கூச்சல் முகத்தை நன்றாக அடக்கும். மவுன முகத்திடம் அதன் பலம் குறைவு. அப்பா "சோம்பேறி" என்று திட்டுகிறாரே, அதுவும் நோயின் ஒரு பாதிதான்!

திட்டு வாங்கி வாங்கி அலுத்துப்போன பையன், மாத்திரையை நிறுத்துகிறான். சில மாதம் கழித்து மறுபடியும் குரல். மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்த ராட்டினத்தில் பத்து வருஷம், இருபது வருஷம் சுற்றுகிறவர்கள் உண்டு.

இந்த ராட்டினத்தை நிறுத்த ஒரு தனிப் படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்களும் இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் இந்த தெரபிஸ்ட்?

"ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்" என்பது அவர்களுடைய பெயர். தமிழில் தொழில்வழி சிகிச்சை என்று சொல்லலாம். இதைக் கேட்டதும் பலர் இரண்டு தப்பு செய்கிறார்கள். கை காலைப் பிடித்து விடும் பிசியோதெரபி என்று நினைக்கிறார்கள். அல்லது வேலை வாங்கிக் கொடுக்கும் ஆபீஸ் என்று நினைக்கிறார்கள்.

இரண்டும் இல்லை. இங்கே "தொழில்" என்றால் சம்பளம் வரும் வேலை மட்டும் அல்ல. பல் துலக்குவது தொழில். ரேஷன் கடைக்குப் போய் வருவது தொழில். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது தொழில். காலையில் எழுந்ததில் இருந்து இரவு படுக்கும் வரை மனுஷன் செய்கிற எல்லாமே இதில் அடக்கம். நோய் எதைப் பிடுங்கிக்கொண்டதோ அதைப் படிப்படியாகத் திருப்பித் தருவதுதான் இவர்கள் வேலை.

இது நேற்று வந்த சங்கதி அல்ல. அமெரிக்காவில் 1917-லேயே இதற்குச் சங்கம் வைத்து விட்டார்கள். இந்தியாவில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்குப் பள்ளி தொடங்கினார். 1952-ல் அகில இந்திய சங்கமும் பிறந்தது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இதைப் படிக்கலாம். சென்னைக் கல்லூரிகளிலும் பட்டப் படிப்பு உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டமும் இவர்களை அங்கீகரித்திருக்கிறது.

ஒரு டம்ளர் டீயில் இவ்வளவா?

இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்?

முதலில் கடிகாரம். "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்? அப்புறம்? அப்புறம்?" என்று ஒரு முழு நாளையும் எழுதி வாங்குகிறார்கள். அதில் வெறும் பொழுது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்து விடும். நோய்க்கு முன்னால் அவர் எதை விரும்பிச் செய்தார் என்றும் கேட்கிறார்கள். கேரம் போர்டா, செடி வளர்ப்பதா, சைக்கிள் ரிப்பேரா?

பிறகு வேலையைத் துண்டு துண்டாக உடைக்கிறார்கள். ஒரு டம்ளர் டீ போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் இருக்கிறதா பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். எது முதலில், எது பிறகு என்று ஞாபகம் வேண்டும். பால் பொங்கும்போது கவனம் வேண்டும். சர்க்கரை அளவு தெரிய வேண்டும். வடிகட்ட வேண்டும். அடுப்பை அணைக்க வேண்டும். கடைசியாக, அதை இன்னொருவரிடம் நீட்டி, "இந்தாம்மா, குடி" என்று சொல்ல வேண்டும்.

நமக்கு இது ஒரே வேலை. நோயில் இருந்து எழுந்து வருகிறவருக்குப் பத்து வேலை. எந்தப் படியில் அவர் தடுக்குகிறார் என்று பார்ப்பதில்தான் இவர்களின் கைவரிசை. கவனம் நிற்கவில்லையா? ஞாபகம் தப்புகிறதா? கை நடுங்குகிறதா? அல்லது, டீயை நீட்டும்போது மனுஷ முகத்தைப் பார்க்கத்தான் பயமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

பஸ்சும் இப்படித்தான். முதல் வாரம் பஸ் ஸ்டாப் வரை போய் நின்று திரும்ப வேண்டும். அடுத்த வாரம் துணையோடு ஒரு ஸ்டாப் பயணம், அதுவும் கூட்டம் இல்லாத நேரத்தில். அடுத்தது தானே டிக்கெட் வாங்குவது, சில்லறை எண்ணுவது. பிறகுதான் தனியாக. "எழுந்திருடா, வேலைக்குப் போடா" என்று ஒரே நாளில் விரட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதா?

இந்த சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் தேவை இல்லை. வீட்டுக்கு வந்து சமையலறையைப் பார்க்கலாம். கடை முதலாளியிடம் பேசி வேலை நேரத்தை மாற்றச் சொல்லலாம். ஆபீசில் மேலதிகாரிக்கு யோசனை சொல்லலாம். ஆலோசகராக ஊருக்குள் இறங்கினால்தான் இந்தப் படிப்புக்கே முழுப் பலன்.

கீழ்ப்பாக்கத்தின் கதை

நாம் கேலி பேசும் கீழ்ப்பாக்கத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு.

சென்னையில் மனநோயாளிகளுக்கு என்று ஒரு விடுதி 1794-ல் கம்பெனி காலத்திலேயே வந்தது. வாலண்டைன் கோனலி என்ற டாக்டர் அதை நடத்தினார். 1871-ல் இப்போது இருக்கும் இடத்தில் பெரிய ஆஸ்பத்திரி திறந்தார்கள். 1922-ல் அதன் பெயர் "அரசு மனநல ஆஸ்பத்திரி" ஆனது.

1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் என்று பெயர் பெற்றவர். அவர் காலத்தில், 1970-ல், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே தொழிற் சிகிச்சை மையம் வந்தது. பூட்டிக் கிடந்த மனிதர்களின் கைக்கு வேலை வந்தது. 1984-ல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து "ஸ்கார்ஃப்" என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார்கள். அவருக்கு 1992-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2021 டிசம்பரில் காலமானார்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 1981-82-ல் முதன்முறையாக இந்த நோய் கண்டு சென்னையில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை டாக்டர்கள் விடாமல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களில் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். "கீழ்ப்பாக்கம் கேஸ், அவ்வளவுதான்" என்று கைகழுவுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்!

பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கிய "பானியன்" அமைப்பு தெருவில் சுற்றித் திரிந்த மனநோயாளிப் பெண்களை எடுத்துப் பராமரித்தது. குணமாகியும் போக வீடு இல்லாத பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவைக்கும் திட்டத்தை 2015-ல் கொண்டு வந்தது. காய்கறி வாங்குவது, சமைப்பது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது எல்லாம் அங்கே சிகிச்சைதான்.

சங்கிலியில் போன 28 உயிர்

வேலையும் இல்லை, சிகிச்சையும் இல்லை, வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் என்ன ஆகும்? தமிழ்நாடு அதைப் பார்த்து விட்டது.

2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்கா அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே பதறியது. அங்கிருந்த காப்பகங்களை மூடினார்கள்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் அமலுக்கு வந்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது தடை போட்டிருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறையே 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போலீசாருக்கும் இதில் வேலை உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் தெருவில் திரியும் மனநோயாளியை ஸ்டேஷன் அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. ஸ்டேஷனில் "பைத்தியம், விரட்டி விடு" என்று யாராவது சொன்னால், அது சட்டப்படி தப்பு!

இன்னொரு விஷயம். "வேலைதான் சிகிச்சை" என்று சொல்லிக்கொண்டு நோயாளியைச் சும்மா வேலை வாங்கும் புத்திசாலிகளும் இருக்கலாம். அதற்கும் சட்டம் கதவைச் சாத்தி இருக்கிறது. மனநல விடுதியில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. வேலை செய்தால் அதற்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். விடுதியில் உறவினரை விட்டிருப்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

குழுவில் ஒரு நாற்காலி இல்லை!

2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. கணக்கெடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இத்தனை பேரையும் கீழ்ப்பாக்கம் ஒன்றே தாங்குமா? அதற்காகத்தான் 1982-ல் தேசிய மனநலத் திட்டமும், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. ஊருக்குப் பக்கத்திலேயே டாக்டர், பக்கத்திலேயே மாத்திரை. நல்ல ஏற்பாடு.

ஆனால் 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இந்த மாவட்டக் குழுவுக்கு மத்திய அரசு போட்ட பட்டியலைப் பாருங்கள். மனநல டாக்டர் இருக்கிறார். உளவியலாளர் இருக்கிறார். நர்ஸ், சமூகப் பணியாளர், கணக்கு எழுதுகிறவர், வார்டு உதவியாளர்கூட இருக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இல்லை!

மாத்திரை கொடுக்க ஆள் உண்டு. மாத்திரைக்குப் பிறகு அந்தப் பையனைப் பாயில் இருந்து எழுப்பி பஸ் ஸ்டாப் வரை அழைத்துப் போகப் படித்தவருக்கு நாற்காலி இல்லை. மாவட்டத்துக்கு ஒருவரை, வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராகவாவது போட்டால் என்ன? கோட்டையில் இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

குமாஸ்தாக்கள் கவனத்துக்கு

அரசு ஆபீசில் வேலை பார்க்கும்போதே மனநோய் வந்து விட்டால்? "வேலை போயிடும், வெளியே சொல்லாதே" என்று மூடி மறைப்பதுதான் வழக்கம். அது தேவை இல்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயால் வரும் ஊனத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால், அதற்காக ஓர் அரசு ஊழியரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவியிலும் இறக்கக் கூடாது. பார்த்த வேலையைப் பார்க்க முடியவில்லை என்றால், அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஒரு சதவீதத்தை வேறு சில பிரிவினரோடு இவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று சான்றிதழ் இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இந்தச் சான்றிதழ் வாங்கியாகி விட்டதா?

கடைக்காரர்களே, உங்களிடம்தான்!

சட்டம் அரசு வேலைக்கு வழி சொல்கிறது. ஆனால் நோயில் இருந்து எழுந்த பலருக்கு முதல் வேலை தெருமுனைக் கடையில்தான் கிடைக்க வேண்டும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவது, பைண்டிங் கடையில் தாள் மடிப்பது, ஜெராக்ஸ் கடை, லாண்டரி.

"கத்தியை எடுத்துக் குத்திட்டான்னா யார் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. நியாயமான பயம். கிரைம் செய்தி எழுதுகிற நிருபரின் பதில் இது: ஸ்டேஷனுக்கு வரும் வெட்டுக் குத்துகளைப் பாருங்கள். குடி, கடன், முன்விரோதம், சொத்துத் தகராறு. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வரும் மனநோயாளி அந்த வரிசையில் வருவது அபூர்வம். உலகம் முழுக்க ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். மனநோயாளி பிறரை அடிப்பதை விட, பிறரிடம் அடி வாங்குவதுதான் அதிகம்.

வேலை கொடுப்பதானால் சில யோசனைகள்:

காலை 7 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். ராத்திரி மாத்திரையின் தூக்கம் காலையில் தெளியாது. 10 மணி, 11 மணி என்றால் ஒழுங்காக வருவார்.

முதல் மாதம் 2 மணி நேரமோ 3 மணி நேரமோ போதும். பிறகு கூட்டுங்கள்.

ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்லாதீர்கள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கல்லாவிலோ கூட்டத்திலோ உடனே நிறுத்தாதீர்கள். பின்கட்டில் தொடங்கி மெல்ல முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

கை கொஞ்சம் நடுங்கினால், அடிக்கடி தண்ணீர் குடித்தால், கேலி பேசாதீர்கள். அது மாத்திரையின் பக்க விளைவாக இருக்கலாம்.

டாக்டரைப் பார்க்க மாதம் ஒருநாள் லீவு கொடுங்கள். அந்த ஒருநாள் உங்களுக்கு ஒரு நல்ல வேலைக்காரரைக் காப்பாற்றித் தரும்.

சம்பளத்தை அவர் கையில் கொடுங்கள். அப்பாவிடம் அல்ல! கூலி சிறிது என்றாலும் அது தன் கையில் விழும்போது மனுஷனுக்கு வரும் தெம்பு தனி.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போக ஆரம்பித்து விட்டான், இனி எதற்கு மாத்திரை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. மாத்திரையும் வேலையும் மாட்டு வண்டியின் இரண்டு மாடுகள். ஒன்றை அவிழ்த்தால் வண்டி குடை சாயும்.

நாளை காலை 7 மணிக்கு எழுப்பி "போய் சம்பாதி" என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர், பால் பாக்கெட் வாங்குவது, துணி மடிப்பது. தினமும் அதே நேரத்தில். செய்தால் ஒரு நல்ல வார்த்தை. செய்யாவிட்டால் திட்டு வேண்டாம், மறுநாள் பார்க்கலாம். ஒரே வாரத்தில் அதிசயம் நடக்காது. மாதக் கணக்கில் ஆகும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீட்டை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி விடாதீர்கள். "இங்கே ஆக்குபேஷனல் தெரபி உண்டா? யாரைப் பார்க்கணும்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். உண்டு என்றால் அன்றைக்கே பெயரைப் பதியுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று மனு எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் பதினோராவது ஆளுக்கு நாற்காலி வரும்.

அவசரத்துக்கு மத்திய அரசின் "டெலி மானஸ்" உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. நம்பர் 14416. காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.